இல்லாமையில் வாழும் ஏரி



1873ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள டாஹோ ஏரியில் ஜான் லெகான்ட் என்ற பேராசிரியர் படகில் போய், வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் வரை கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். 33 மீட்டர் ஆழத்தில்தான் அது மறைந்தது. ஏறக்குறைய பத்து மாடி உயரம்.

அதே வேலையை 1968 முதல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆண்டு முழுவதும் விடாமல் செய்துவருகிறார்கள். தொடங்கிவைத்தவர் சார்ல்ஸ் கோல்ட்மன். முதல் ஆண்டின் சராசரி 31 மீட்டர். 2024ஆம் ஆண்டின் சராசரி 19 மீட்டர். ஒரு மனித ஆயுளுக்குள் 12 மீட்டர் தெளிவு போய்விட்டது. எங்கே போயிற்று, யார் கைப்பட்டுப் போயிற்று என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஊட்டியும் கொடைக்கானலும் பக்கத்தில் இருக்கும்போது இவ்வளவு தொலைவு எதற்குப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் அப்படியே உண்டாக்கியது. இரண்டும் மனிதர் கட்டிய நீர்நிலைகள். அவற்றின் துன்பத்தைப் பேசத் தனியாக ஒரு கூட்டம் வேண்டும். தானாகப் பிறந்த ஒரு மலை ஏரி எப்படி வாழ்கிறது, எதனால் நோய்ப்படுகிறது என்பதைப் பார்க்க, நீண்ட காலம் விடாமல் அளக்கப்பட்ட ஏரி வேண்டும். அப்படிப்பட்டவை உலகில் மிகக் குறைவு. டாஹோ அவற்றுள் ஒன்று.

டாஹோ கடல்மட்டத்துக்கு மேல் 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழம் 501 மீட்டர். 63 ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியேறுவது ட்ரக்கி என்ற ஒரே ஆறு. உள்ளே வந்த நீர் வெளியேறச் சராசரியாக 650 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விஜயநகரப் படை மதுரைக்கு வந்த காலத்தில் அந்த ஏரியில் விழுந்த மழைத்துளி இப்போதுதான் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஏரிக்குள் போனது எதுவும் சீக்கிரம் வெளியே வராது.

இவ்வளவு தெளிவுக்குக் காரணம் என்ன? சுற்றிலும் பெரும்பகுதி கருங்கல். மண் மெல்லிய போர்வை. ஏரியின் பரப்பு 490 சதுர கிலோமீட்டர். அதற்கு நீர் தரும் நிலமோ அதைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. பெய்வதில் கணிசமான பங்கு நேராக ஏரியிலேயே விழுகிறது. நிலத்தில் விழுந்த பனியும் மெல்ல உருகி, சதுப்பு நிலத்தில் தங்கி, வண்டலைக் கீழே விட்டுவிட்டு வருகிறது. நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் இல்லை. பாசிக்குச் சாப்பாடு இல்லை. பாசி இல்லாததால் வெளிச்சம் ஆழம் வரை போகிறது. அரை வயிற்றுப் பத்தியத்தில் உடம்பைத் தெளிவாக வைத்திருக்கும் வைத்தியம் போன்றது மலை ஏரியின் வாழ்வு. நான் சொல்ல வந்ததின் மையம் இதுதான்: மலை ஏரி இல்லாமையால் வாழ்கிறது. அதற்கு நாம் செய்த கெடுதல்களில் பெரும்பாலானவை, அதற்கு எதையாவது சேர்த்துக்கொடுத்தவை.

வாஷோ பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோடையில் அந்தக் கரைக்கு வந்து மீன் பிடித்து வாழ்ந்தார்கள். அவர்கள் உலகின் நடுவே அந்த ஏரிதான் இருந்தது. 1859இல் அருகிலுள்ள நெவாடாவில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஏரியைச் சுற்றியிருந்த காட்டில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. ஏரியடிச் சேற்றைத் துளைத்து எடுத்துப் பார்த்தால், அந்தக் காலத்து வண்டல் தடித்த அடுக்காகத் தெரிகிறது. ஆனால் அதற்கு மேலே உள்ள அடுக்கு மறுபடி மெல்லியதாகிறது. வெட்டு நின்றது; காடு வளர்ந்தது; ஏரி தேறிக்கொண்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடரிக்கு ஒரு முடிவு இருந்தது. அடுத்து வந்த சாலைக்கு முடிவு இல்லை.

1960இல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதன்பின் விடுதிகளும் சூதாட்டக் கூடங்களும் வீடுகளும் பெருகின. ஏரிக்கு அதிக நீர் கொண்டுவரும் அப்பர் ட்ரக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய சதுப்பு நிலம் இருந்தது. ஆற்று வண்டலை வடிகட்டித் தந்தது அதுதான். 1960களில் அதன் பாதியளவை வெட்டிக் கால்வாய்களாக்கி, கரைகளில் சுமார் 1,500 வீடுகள் கொண்ட குடியிருப்பைக் கட்டினார்கள். ஏரியின் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் படகுத்துறை வைத்தார்கள் என்றே எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. இன்று அந்தக் கால்வாய்களில் வெளிநாட்டு நீர்க்களைகள் மண்டிக் கிடக்கின்றன.

கழிவுநீர் விஷயத்தில் அவர்கள் விழித்துக்கொண்டதைப் பாராட்ட வேண்டும். சுத்திகரித்த கழிவுநீரைக்கூட ஏரிப்படுகைக்குள் விடக்கூடாது என்று முடிவெடுத்து, 1960களின் இறுதியில் தொடங்கி, முழுவதையும் குழாயில் மலைக்கு வெளியே கொண்டுபோனார்கள். அந்தச் செலவைச் செய்யாமல் இருந்திருந்தால் டாஹோ இன்று பச்சை ஏரி.

அப்படியும் தெளிவு குறைந்துகொண்டே போனது ஏன்? விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத தூசு. ஒரு மில்லிமீட்டரின் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான மண் துகள்கள். பனிக்காலத்தில் வண்டி வழுக்காமலிருக்கச் சாலையில் மணல் போடுகிறார்கள். சக்கரங்கள் அதை மாவாக அரைக்கின்றன. உருகிய பனி அதை ஏரிக்குக் கொண்டுபோகிறது. அவ்வளவு நுண்ணிய துகள் அடியில் படிய ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தைச் சிதறடித்துக்கொண்டே இருக்கும். ஏரிக்கு வரும் இத்தகைய துகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு கட்டடங்களும் சாலைகளும் உள்ள பகுதியிலிருந்துதான் வருகிறது என்று கண்டார்கள். அந்தப் பகுதி படுகையில் ஒரு சிறு துண்டு. வண்டிப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் காற்று வழியாகவே நீரில் படிகிறது. ஏரியின் பத்தியம் இப்படித்தான் கெட்டது.

இவை கவனக்குறைவால் வந்தவை. அடுத்துச் சொல்லப்போவது நல்லெண்ணத்தால் வந்தது. அதனால்தான் அது என்னை அதிகம் வருத்துகிறது.

மைசிஸ் என்றொரு நன்னீர் இறால் உண்டு. நம் கடற்கரைச் சந்தையில் விற்கும் கூனியைப் போன்ற சிறு பிராணி. 1949இல் கனடாவின் கூட்டனே ஏரியில் அதைக் கொண்டுவந்து விட்டபோது, கொக்கனி என்ற சால்மன் மீன் அதைத் தின்று கொழுத்தது. செய்தி பரவியது. 1963இலிருந்து 1965 வரை டாஹோவிலும் மைசிஸை விட்டார்கள். மீனுக்கு நல்ல தீனி கிடைக்கட்டும் என்பது நோக்கம். கூட்டனேயில் ஏன் பலித்தது என்று யாரும் நின்று பார்க்கவில்லை. அங்கே ஏரியின் ஒரு கையில் ஆழமற்ற மேடு இருக்கிறது. நீரோட்டம் இறாலை அந்த மேட்டின் மேலே தள்ளி, பகல் வெளிச்சத்தில் மீனின் வாய்க்கு எதிரே கொண்டுவந்து விடும். டாஹோவில் அப்படி மேடு இல்லை. மைசிஸ் பகல் முழுவதும் ஆழத்து இருட்டில் பதுங்கியது. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன்கள் உறங்கும் இரவில் மேலே வந்தது. வந்து, அந்த மீன்களின் இரையான டாஃப்னியா, பாஸ்மினா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சிகளைத் தின்றது. சில ஆண்டுகளில் அவை டாஹோவில் இல்லாமலே போயின. மீனுக்குத் தீனி கொடுக்கப்போய் மீனின் தீனிக்கே போட்டியைக் கொண்டுவந்தார்கள். அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று: பாசியையும் நுண்துகளையும் வடிகட்டித் தின்று ஏரியை அன்றாடம் பெருக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தவை அந்தப் பூச்சிகள்தாம்.

இதே இறால் மொண்டானா மாநிலத்தின் ஃப்ளாட்ஹெட் ஏரிக்கு 1981இல் வந்து சேர்ந்தது. அங்கே யாரும் விடவில்லை. மேலே உள்ள ஏரிகளில் விட்டது ஆற்றோடு இறங்கி வந்தது. கொக்கனி சால்மன் அங்கே அடியோடு சரிந்தது. அந்த மீன் முட்டையிட ஏறிவரும் ஓடையில், அதைத் தின்ன இலையுதிர்காலத்தில் 600க்கும் மேற்பட்ட வெண்தலைக் கழுகுகள் கூடிய காலம் உண்டு. 1989இல் வந்தவை 25. விரல் நகத்தளவு இறால் ஒன்று வானத்திலிருந்து கழுகைத் துரத்திவிட்டது. உணவுச் சங்கிலி என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டுகிறோமே, அதன் உண்மையான கனம் இதுதான்.

டாஹோவின் எமரால்டு பே என்ற சிறு விரிகுடாவில் 2011இல் மைசிஸ் தானாகவே காணாமல் போயிற்று. உடனே டாஃப்னியாவும் பாஸ்மினாவும் திரும்பின. இரண்டு ஆண்டுகளில் அங்கே நீர் வெகுவாகத் தெளிந்தது. 2022இல் பெரிய ஏரியிலும் மைசிஸ் குறைந்தது, பூச்சிகள் பெருகின. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் தெளிவு 1980களுக்குப் பின் காணாத அளவுக்கு உயர்ந்தது. நிலைக்கவில்லை, அடுத்த ஆண்டுகளில் மறுபடி இறங்கியது. ஆனாலும் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஏரி தன் பழைய வேலையை மறக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

இப்போது வெப்பத்துக்கு வருகிறேன். 1970க்கும் 2002க்கும் இடையே டாஹோவின் மொத்த நீரின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அரை டிகிரிதானே என்று எண்ணிவிடக் கூடாது. 150 கன கிலோமீட்டர் நீரைச் சூடாக்கிய வெப்பம் அது. சூடு மேலே தங்குகிறது. மேல்நீர் சூடாகி இலேசாக, கீழ்நீர் குளிர்ந்து கனமாக, இரண்டும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிகின்றன. கோடையில் இப்படிப் பிரிவதும், குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து காற்றோடு சேர்ந்து கலப்பதும் ஏரியின் இயல்பு. ஆனால் பிரிந்திருக்கும் பருவம் 1968ஐ ஒப்பிட ஏறக்குறைய ஒரு மாதம் நீண்டுவிட்டது. அடிவரை முழுக்கக் கலப்பது சராசரியாக மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. ஆழத்துக்கு ஆக்சிஜன் போகும் முக்கிய வழி அதுவே. வெப்பம் இப்படியே ஏறினால் அந்தக் கலப்பு நின்றுபோகலாம் என்று கணினி மாதிரிகள் எச்சரிக்கின்றன. அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால், சேற்றில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸ் அவிழ்ந்து நீரில் கலக்கும். வெளியிலிருந்து வருவதை எல்லாம் தடுத்தாலும், ஏரி தன் அடியிலிருந்தே பாசிக்குச் சோறு போடத் தொடங்கிவிடும்.

வேறொரு மாற்றம் பனியில். நூறாண்டுக்கு முன் டாஹோவில் பெய்வதில் பாதிக்கு மேல் பனியாக விழுந்தது. இப்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பனி, மற்றது மழை. மழை பனியைப் போலக் காத்திருக்காது. சாலையில் அரைபட்டுக் கிடக்கும் அந்த மாவை ஒரே இரவில் அள்ளிக்கொண்டு வந்துவிடும். வந்த நீர் குளிர்ந்திருந்தால் ஆழத்துக்கு அமிழ்ந்து போகும். வெதுவெதுப்பாக இருந்தால் மேலடுக்கிலேயே தங்கும், அழுக்கும் கூடவே தங்கும். கடும் வறட்சிக்குப் பின் பெருமழையும் பெரும்பனியும் கொட்டிய 2017இல் தெளிவு 18.2 மீட்டருக்கு இறங்கியது. அளக்கத் தொடங்கிய நாள்முதல் அதுவே மிகக் குறைந்த ஆண்டுச் சராசரி. அந்த ஆண்டைக் கெடுத்தது வானிலையா, சாலையா? பிரித்துச் சொல்ல முடியாது. சாலை தூசைச் சேர்த்து வைத்தது; வானிலை அதை இறக்கிவிட்டது.

இங்கே என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். பருவநிலை மாறுகிறது, இனி ஓர் ஏரிக்கு உள்ளூரில் என்ன செய்து என்ன பயன் என்று பேசுவோர் பெருகிவருகிறார்கள். இந்தப் பேச்சு எனக்குக் கோபம் மூட்டுகிறது. வெப்பம் தனியாக வந்து ஏரியைக் கெடுப்பது குறைவு. நாம் ஏற்கெனவே தளர்த்திவைத்த இடத்தில்தான் அது முதலில் கை வைக்கிறது. இதற்கு டாஹோவைவிடத் தெளிவான சான்று, அதே மலைத்தொடரின் உச்சியில் இருக்கும் சிறு ஏரிகளில் இருக்கிறது.

சியரா நெவாடாவின் மேல்மலையில் ஆயிரக்கணக்கான பனியாற்று ஏரிகள் உண்டு. அருவிகளைத் தாண்டி மீன் ஏற முடியாததால், அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மீன் இல்லாமல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோவேறு கழுதைகளின் முதுகில் தகரக் குடங்களை ஏற்றி, டிரவுட் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானத்திலிருந்தே கொட்டினார்கள். நம் நீலகிரியிலும் நடந்த கதை இது. ஆங்கிலேயர் தூண்டில் போடுவதற்காக, வட அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பிறப்பிடமாகக் கொண்ட ரெயின்போ டிரவுட்டை அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் வளர்த்து ஓடைகளில் விட்டார்கள். வெறும் தண்ணீராகக் கிடப்பதில் மீன் இருந்தால் நல்லதுதானே என்பது அந்தக் காலத்து எண்ணம். அது வெறும் தண்ணீர் என்று யார் சொன்னது?

அந்த ஏரிகள் மஞ்சள்கால் மலைத்தவளையின் வீடு. கிரின்னல், ஸ்டோரர் என்ற இருவர் 1924இல் வெளியிட்ட அந்த மலையின் யோசெமிட்டிப் பகுதி விலங்குகள் பற்றிய நூலில், மேல்மலையில் மிகுதியாகக் காணும் தவளை இது என்று பதிவு செய்திருக்கிறார்கள். கரையில் நடந்தால் கால்வைக்கும் இடமெல்லாம் தாவிய உயிர். இன்று அது வாழ்ந்த இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இல்லை. மலைக்குளிரில் அதன் தலைப்பிரட்டை தவளையாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அத்தனை குளிர்காலங்களைத் தாண்ட, அடிவரை உறையாத, கோடையில் வற்றாத ஆழமான ஏரி வேண்டும். டிரவுட்டுக்கும் அதே ஏரிதான் வேண்டும். மீன் தலைப்பிரட்டையைத் தின்றது. ஏரியிலிருந்து சிறகு முளைத்து மேலெழும் மேஃப்ளை பூச்சிகளையும் ஏறக்குறைய துடைத்துவிட்டது. அவற்றை நம்பியிருந்த மலைக்குருவிகள் மீனுள்ள ஏரிகளுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டன.

தப்பிய தவளைகள் மீன் வாழ முடியாத ஆழமற்ற குட்டைகளுக்கு ஒதுங்கின. இப்போது பனி குறைந்து, சீக்கிரம் உருகி, கோடையில் அந்தக் குட்டைகள் வற்றுகின்றன. இரண்டாவது ஆண்டை எதிர்நோக்கும் தலைப்பிரட்டைகள் சேற்றோடு காய்கின்றன. குட்டையை வற்றவைத்தது வெப்பம். தவளையைக் குட்டைக்குத் துரத்தியது மீன். மீனைக் கொண்டுபோனது நாம். ஆழமான ஏரி தவளையின் கையில் இருந்திருந்தால், ஒரு வறண்ட கோடை அதற்கு ஒரு வறண்ட கோடையாக மட்டுமே இருந்திருக்கும். இத்தோடு, உலகெங்கும் தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோயும் மலையேறி வந்து சேர்ந்தது. சிதறிக் கிடந்த சிறு கூட்டங்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. 2014இல் அமெரிக்க அரசு இந்தத் தவளைகளை அழியும் நிலையில் உள்ளவையாக அறிவித்தது.

ஆனால் இந்தக் கதை அங்கே நிற்கவில்லை. வான்ஸ் வ்ரெடென்பர்க், ரோலண்ட் நாப் போன்ற ஆய்வாளர்கள் சில ஏரிகளில் செவுள் வலை போட்டு, டிரவுட் முழுவதையும் அகற்றிப் பார்த்தார்கள். பனிக்கட்டிக்கு அடியிலும் வலை கிடந்தது. மீன் போன சில ஆண்டுகளிலேயே தவளைகள் பெருகின, பூச்சிகளும் திரும்பின. யோசெமிட்டியில் மீன் விடுவது 1991இல் அடியோடு நிறுத்தப்பட்டது. அங்கே இருபது ஆண்டுகளில் தவளைகளின் எண்ணிக்கை ஏழு மடங்கு ஆயிற்று, பூஞ்சை நோய் இருந்துகொண்டிருக்கும்போதே. நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்கள் சிலவற்றுக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. அந்தத் தவளைகளைப் பிடித்து, தவளையே இல்லாமல் போன ஏரிகளுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். சில இடங்களில் அவை நிலைத்து இனம் பெருக்கிவருகின்றன.

பருவநிலையை அந்த ஆய்வாளர்கள் மாற்றிவிடவில்லை. வெப்பத்தை வலை போட்டு எடுக்க முடியாது. அதற்கு உலகமே கரியையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைத்தாக வேண்டும். அவர்கள் செய்தது, கூடுதலாகச் சேர்த்த ஒன்றைத் திரும்ப எடுத்தது. டாஹோவிலும் வேலை அந்தத் திசையில்தான் நடக்கிறது. 2011இல் அரசு விதித்த இலக்கு, தெளிவை 29.7 மீட்டருக்குத் திருப்புவது. அதற்காகச் சாலைத் தூசை வாரி எடுக்கிறார்கள். மழைநீர் தங்கி மண்ணில் இறங்கக் குட்டைகள் வெட்டுகிறார்கள். சதுப்பு நிலத்தில் மிச்சமிருந்ததைத் திருத்தி, ஆற்றை மறுபடி அதன்மேல் பரவவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மோட்டார் படகையும், சிப்பியோ களையோ ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று சோதித்த பிறகே ஏரியில் இறக்கவிடுகிறார்கள்.

மேல்மலையில் எந்த ஏரியிலிருந்து முதலில் மீனை எடுப்பது என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. எல்லா ஏரியிலும் எடுக்கக் கையிருப்பும் ஆளும் போதாது. என் முடிவு, உயரத்தில் இருக்கும் ஆழமான ஏரிகள் முதலில் என்பது. வருகிற கோடைகளில் வற்றாமல் நிற்கப்போகிறவை அவைதாம்; பக்கத்துக் குட்டைகள் வற்றினால் தவளைகள் போய்ச் சேர இடம் அங்கேதான் இருக்கும். அந்த ஏரிகளில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் எதிர்ப்பார்கள். அப்பாவோடு போய் முதல் மீன் பிடித்த ஏரி அது என்பார்கள். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் இருக்கிறது: மீனுள்ள ஏரிகள் அந்த மலையில் இன்னும் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். தவளைக்கு அப்படி மிஞ்சியிருப்பவை மிகச் சில.